வெயிலுக்கும் நம் சம்பளத்தில் பிடித்தமா?

இந்தப் பகுதியில் நாம் வழக்கமாக எழுதுவது சம்பளம், போனஸ், வீடு, சொக்சோ, இ.பி.எப். பற்றித்தான். இம்முறை வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதப் போகிறோம். "என்னாங்க இது, வெயிலுக்கும் சங்கத்துக்கும் என்னா சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நீலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது, உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அக்கா நம்மிடம் கேட்டே விட்டார்: "வெயிலு கடவுள் குடுக்கிறது தம்பி. அதுக்கு மனு எழுதி யாருகிட்ட குடுப்பீங்க?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெயிலில் பாதி இப்போது கடவுள் கொடுத்தது அல்ல. அதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் விவரமாகப் பேசலாம் என்று நினைக்கிறோம்.

நீலாய் என்றதும் இன்றைக்குப் பலருக்கு ஞாபகம் வருவது மொத்தக் கடைகளும், பல்கலைக்கழகங்களும், நெடுஞ்சாலையும்தான். சிரம்பானுக்கும் காஜாங்கிற்கும் நடுவே ரயில் நின்று போகும் சின்னப் பட்டணமாக, சுற்றிலும் ரப்பர் காடாக இருந்த நீலாயை நம் பெரியவர்கள் அறிவார்கள். 1990-களில் பண்டார் பாரு நீலாய் எழும்பியது. 1998-இல் செப்பாங்கில் விமான நிலையம் திறந்தது. தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமானாகவும் தொழிற்பேட்டையாகவும் ஆகிவிட்டன. லாபு, பத்தாங் பெனார் வட்டாரத்தில் மிஞ்சிய தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனை. அங்கே நம்மவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவுதான். குலை வெட்டு வேலையில் இன்று பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் தாத்தாமார் கப்பலில் வந்த கதைதான், இப்போது விமானத்தில் நடக்கிறது. கீழே நாம் சொல்வதெல்லாம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பாலும் பழமும் வானத்தைப் பார்த்து

பால் வெட்டியவர்களுக்கு வானிலையைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. விடியுமுன்னே ஏன் காட்டுக்குப் போனோம்? குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும், பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் விறைத்து நிற்கும், கீறினால் பால் தாராளமாக ஓடும். வெயில் ஏற ஏற இலை வழியாகத் தண்ணீர் போய்விடும், பாலும் சீக்கிரமே நின்றுவிடும். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. மீறி வெட்டினால் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் பரவி வழியும். வெட்டி முடித்த பிறகு மழை கொட்டினாலோ, மங்கில் நின்ற பாலும் போச்சு, நடந்த நடையும் போச்சு.

பிரட்டுக்குப் போய், வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, "இன்னைக்கு வேலை இல்லை" என்று மண்டோர் சொன்னதும் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய நாட்களை நம் அம்மாமார் இன்னும் சொல்லுவார்கள். அன்றைக்குக் கூலி இல்லை. கடைக்காரர் கணக்கில் மட்டும் அரிசி ஏறிக்கொண்டிருக்கும். மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் கேட்டு வந்ததன் அர்த்தமே இதுதான். மழையின் நட்டமும் சந்தை விலையின் நட்டமும் முதலாளியின் முதலில் விழாமல் தொழிலாளியின் வயிற்றில் விழுந்ததால்தான் அந்தக் கோரிக்கை பிறந்தது.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்விடும். அந்தக் காய்ந்த காலத்தில் மழை தப்பிப் பெய்தால் இளந்துளிரில் சாம்பல் நோய் விழும். இது பழைய விஷயம். 2017 வாக்கில் பெஸ்டலோட்டியோப்சிஸ் என்ற பூஞ்சையால் வரும் புது இலையுதிர் நோய் இந்தோனேசியாவிலும் நம் நாட்டிலும் பரவியது. வருஷத்தில் ஒருமுறை இலை கொட்ட வேண்டிய மரம் திரும்பத் திரும்பக் கொட்டினால் பால் எங்கிருந்து வரும்? சிறுதோட்டக்காரர்களைக் கேட்டால் பெருமூச்சுதான் பதில்.

செம்பனைக்கு மாறியபோது பலரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். தூறலில் கூடப் பழம் வெட்டலாம் அல்லவா! ஆனால் செம்பனையின் கணக்கு வேறு மாதிரி. ரப்பர் மரம் அன்றைக்கே சொல்லிவிடும். செம்பனை இரண்டு வருஷம் கழித்துத்தான் சொல்லும். ஒரு குலைக்கான பூ ஆணாக வருமா, பெண்ணாக வருமா என்பது, அந்தக் குலை பழுப்பதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மரத்தின் நெஞ்சுக்குள் முடிவாகிவிடுகிறது. அந்தச் சமயத்தில் வறட்சி அடித்தால் மரம் ஆண் பூவாகவே போடும். ஆண் பூவில் குலை கிடையாது. பெண் பூ வந்த பிறகு வறட்சி வந்தாலும் பிஞ்சு கருகிப் போகலாம். அதனால்தான் மழை நன்றாகப் பெய்கிற ஒரு வருஷத்தில் திடீரென்று பழம் குறைகிறது. மேனேஜர் வெட்டுக்காரரைத் திட்டுகிறார். வெட்டுக்காரர் மண்டோரைப் பார்க்கிறார். குற்றவாளியோ போன வருஷத்து வெயில்.

2015, 2016 ஆண்டுகளில் அடித்த எல் நினோ வறட்சியைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். மலேசியாவின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015-இல் ஏறக்குறைய 2 கோடி டன். 2016-இல் அது 1 கோடியே 73 லட்சம் டன்னாகச் சரிந்தது. எண்ணெய் குறைந்ததால் விலை ஏறியது. ஆக, கம்பெனிக்கு ஒரு கையில் போனது மறு கையில் கொஞ்சமாவது வந்தது. குலைக்கும் டன்னுக்கும் கூலி வாங்குபவருக்கு? விலைக்குத் தக்க படி ஒப்பந்தத்தில் இருக்கலாம். குலை இல்லாத மரத்தடியில் அந்தப் படியை எதோடு பெருக்குவது?

மழை மிஞ்சினாலும் இதே கதைதான். தாழ்ந்த நிலத்தில் தண்ணீர் நின்று லாரி உள்ளே வராது. வெட்டிப் போட்ட குலை ரோட்டோரத்தில் கிடந்து கெடும். உதிரிப்பழம் தண்ணீரோடு போய்விடும். வழுக்கும் மேட்டில் நீளக் கம்பை நிமிர்த்திப் பிடித்து வெட்டுபவருடைய கால் எந்த நேரத்தில் சறுக்குமோ!

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. துண்டுக் கூலிக்கும் டன் கூலிக்கும் வேலை செய்பவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். பழம் குறைந்த மாதத்தில் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியதும் அந்தத் தொகையைச் சரிபாருங்கள். குறைந்திருந்தால், எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள் என்பதையும் குறித்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்.

வெயில் ஏன் இப்படி ஆனது?

தோட்டப் பள்ளியில் படித்த நமக்குப் புரிந்த மாதிரி சொல்கிறோம். தை மாதத்தில் வானம் சுத்தமாக இருக்கும் இரவில் விடியற்காலை சில்லென்று இருக்கும், போர்வை தேடுவோம். மேகம் மூடிய இரவில் புழுங்கித் தள்ளும். காரணம் என்ன? பகலில் பூமி வாங்கிய சூடு இரவில் மேலே போகப் பார்க்கிறது. மேகம் அதை மறித்துக் கீழே திருப்பிவிடுகிறது. மேகம் செய்கிற இதே வேலையைக் கண்ணுக்குத் தெரியாத சில வாயுக்களும் செய்கின்றன. கரியமில வாயு அதில் ஒன்று, மெத்தேன் இன்னொன்று. மேகம் கலைந்து போகும். கரியமில வாயு அப்படிப் போகாது. இன்று புகைபோக்கி விட்டதில் ஒரு பங்கு நம் பேரப்பிள்ளைகளின் காலத்துக்குப் பிறகும் மேலேயே நிற்கும்.

ஆலைகள் பெருகுவதற்கு முன்னால், காற்றில் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது 315. 2024-இல் 420-ஐயும் தாண்டிவிட்டது. அந்த 2024-தான் அதுவரை அளந்த ஆண்டுகளிலேயே மிகச் சூடான ஆண்டு. 1850 முதல் 1900 வரையிலான சராசரியைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை நிறுவனம் கணக்குச் சொன்னது.

"ஒன்றரை டிகிரிதானே, அதுக்கா இத்தனை கூப்பாடு?" என்று கேட்கலாம். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான ஈரத்தைச் சுமக்கும். நிலத்திலிருந்தும் இலையிலிருந்தும் அதை உறிஞ்சிக்கொண்டு போய், கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டும். காய்ந்தால் நிலம் முன்னைவிட வேகமாக வறள்வதும், பெய்தால் ஒரே நாளில் ஊரை மூழ்கடிப்பதும் இதனால்தான். எல் நினோ இயற்கையாக வருவது, நம் பாட்டன் காலத்திலும் வந்தது. ஆனால் இப்போது ஏற்கெனவே சூடேறிய உலகத்தின் மேல் அது வந்து உட்காருகிறது. 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானதும் ஓர் எல் நினோ சமயத்தில்தான். 2016 ஏப்ரலில் பெர்லிஸ், கெடா பள்ளிகளை வெயிலுக்காக மூடினார்கள்.

இதற்கெல்லாம் யார் காரணம் என்று கேட்டால், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு என்று விரல் விட்டுச் சொல்லலாம். காடழிப்பையும் சேர்க்க வேண்டும். இதில் நம் கதையும் ஒரு கண்ணியாக வருவதுதான் வேடிக்கை. 1896-இல் சுவீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அரேனியஸ், காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார். அதே 1896-இல்தான் மலாக்காவில் தான் சே யான் வியாபாரத்துக்காக ரப்பர் நட்டார். பிறகு கார் வந்தது, காருக்கு டயர் வேண்டியிருந்தது, டயருக்குப் பால் வேண்டியிருந்தது, பாலுக்கு ஆள் வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள் நம் முன்னோர். அவர்கள் வெட்டிய பால் டயராகி உலகமெல்லாம் ஓடியது. அந்தக் கார்கள் விட்ட புகையில் ஒரு பங்கு இன்னும் வானத்தில் நிற்கிறது. கார் வாங்கியவர் குளிர்சாதன அறையில் இருக்கிறார். பால் வெட்டியவரின் பேரன் பழம் வெட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிறான்.

நம்ம மாநிலத்திலும் புகைபோக்கி இல்லாமல் இல்லை. போர்ட்டிக்சன் வட்டாரத்து ஜிமா கடலோரத்தில் நிலக்கரி எரிக்கும் மின்நிலையம் 2009-இல் ஒன்றும் 2019-இல் இன்னொன்றும் ஓடத் தொடங்கின. நம் வீட்டு விசிறி சுற்றுவதும் அந்தக் கம்பி வழியாகத்தான். ஆகவே நிலையத்தைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது. புது நிலக்கரி நிலையம் கட்டமாட்டோம் என்று அரசாங்கம் 2021-இல் சொல்லியிருக்கிறது. 2050-க்குள் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவோம் என்பதும் அதே ஆண்டு வந்த வாக்குறுதி. சூரிய மின்சாரத் தகடுகள் தோட்ட நிலங்களிலும் முளைக்கின்றன. நல்லதுதான். ஆனால் அந்த நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு என்ன வழி என்பதையும் அதே மேசையில் வைத்துப் பேச வேண்டும். விமான நிலையம் வந்தபோதும் தாமான் வந்தபோதும் "வளர்ச்சி" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் நம்மை எழுப்பி அனுப்பினார்கள்.

செம்பனையையும் மூடி மறைக்கக் கூடாது

"நாம மரந்தானே நடுறோம், மரம் கரியமில வாயுவை உறிஞ்சுமே?" என்று ஒரு தோழர் கேட்டார். பாதி உண்மை. பழைய ரப்பர் நிலத்தில் செம்பனை நட்டால் பெரிய நட்டம் இல்லை. நீலாய், லாபு பக்கத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் அந்த ரகம்தான். பெருங்காட்டை வெட்டி நட்டாலோ, அந்தக் காடு சேர்த்து வைத்திருந்த கரி முழுதும் காற்றுக்குப் போய்விடும். அதைவிட மோசம் மலாய்க்காரர்கள் 'கம்புட்' என்று சொல்லும் மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் மக்காமல் கிடந்த இலையும் வேரும்தான் அந்த மண். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் அது மக்கி வாயுவாகப் போகும். காய்ந்தால் தீப்பிடிக்கும். பிடித்தால் மண்ணுக்கு அடியிலேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

அதன் புகைதான் நாம் அனுபவித்த புகைமூட்டம். 1997-இல் நாமெல்லாம் பள்ளிப் பிள்ளைகள், எதிர் லயம் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு 2005, 2013, 2015, 2019. 2013 ஜூனில் மூவாரிலும் லேடாங்கிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி, அவசரநிலை பிரகடனம் செய்தார்கள். 300-க்கு மேல் போனாலே அபாயம் என்று அர்த்தம். நீலாயிலும் காற்றை அளக்கும் சுற்றுச்சூழல் இலாகா நிலையம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியும் குறியீட்டைப் பார்த்துத்தான் லீவு விடுகிறது. பிரட்டு மட்டும் யாருடைய குறியீட்டையும் பார்ப்பதில்லை. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிந்த நிலங்களில் மலேசிய முதலாளிகளுக்குச் சொந்தமான தோட்டங்களும் இருந்ததாக இந்தோனேசிய அதிகாரிகள் 2019-இல் சொன்னார்கள். கம்பெனிகள் மறுத்தன. தீ வைத்தது யார் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் புகையை மூச்சில் வாங்கிக்கொண்டு குலை தூக்கியவர் யார் என்பது நமக்குத் தெரியும்.

இதைச் சொன்னால் "உங்க வயித்துல நீங்களே அடிச்சுக்கிறீங்க" என்று சிலர் கோபப்படுகிறார்கள். ஐரோப்பாக்காரன் செம்பனையைத் திட்டினால் முதலாளி நம்மைத் துணைக்குக் கூப்பிடுகிறார். சம்பளம் கேட்டால் மட்டும் நம்மை யாரென்று தெரியாது. செம்பனை நமக்குச் சோறு போடுகிறது, மறுக்கவில்லை. ஆலைக் கழிவுக் குளத்திலிருந்து கிளம்பும் மெத்தேனை மூடிப் பிடித்து எரிசக்தியாக்கலாம். புது ஆலைகள் அப்படிச் செய்ய வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. பழம் எடுத்த வெறும் குலையை மரத்தடியில் பரப்பினால் மண்ணில் ஈரம் நிற்கும், உரச் செலவும் குறையும். காட்டையும் கம்புட்டையும் தொடாமலே இருக்கிற நிலத்தில் நல்ல கன்று நட்டு விளைச்சலைக் கூட்டலாம். இதையெல்லாம் செய்கிற தோட்டங்களும் உண்டு. செய்கிறவர்களை நாம் பாராட்டுவோம்.

உடம்பு சொல்லும் கணக்கு

நம் ஊரில் வெயிலைவிடப் புழுக்கம்தான் கொடியது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை வழியுமே தவிர காயாது. நீளக் கம்பைத் தூக்கி மட்டையையும் குலையையும் வெட்டுவது கடும் உழைப்பு. உடம்பு தானே அடுப்பு மாதிரி எரியும். மருந்து அடிக்கிற அக்காமாருக்கு இன்னும் மோசம். முகக்கவசம், கையுறை, ஏப்ரன், பூட்ஸ், முதுகில் தோம்பு. போடாவிட்டால் மருந்து உடம்பில் ஏறும், போட்டால் சூடு ஏறும்.

தலை சுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, வாந்தி, மூத்திரம் கறுத்துப் போவது எல்லாம் முதல் எச்சரிக்கை. உடனே நிழலில் உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பவாதம். சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 999-ஐக் கூப்பிடுங்கள். "மயக்கந்தான், கொஞ்ச நேரம் படுத்தா சரியாப் போயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். 2024 பிப்ரவரியில் பகாங்கில் 22 வயது வாலிபர் ஒருவர் இதில்தான் இறந்தார். மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர், நிகராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில், சர்க்கரை வியாதியும் ரத்தக்கொதிப்பும் இல்லாத இளவயது வெட்டுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் கெட்டு மாண்டார்கள். வெயிலில் தண்ணீரும் ஓய்வும் இல்லாத கடும் உழைப்பு அதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைச் சோதித்த சென்னை ஆய்வாளர்களும் வெயிலுக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டிருக்கிறார்கள்.

எல் சால்வடோரில் பிறகு ஒரு சோதனை செய்தார்கள். வெட்டுக்காரர்களுக்கு முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை, நகர்த்தக்கூடிய நிழல் கூடாரம், கட்டாய ஓய்வு. இவ்வளவுதான். வெட்டிய கரும்பின் அளவு குறையவில்லை, கூடியது! "ஓய்வு கொடுத்தால் வேலை கெடும்" என்று சொல்லும் மேனேஜர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

குடிசை இருக்கும் இடமும் கேள்விதான்

நம் இனத்தவர் மலைத்தோட்டங்களில் பட்ட பாட்டையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. 2014 அக்டோபர் 29 அன்று இலங்கை பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியாபெத்தை லயத்தின் மேல் மலை சரிந்தது. 2020 ஆகஸ்டில் கேரளத்து மூணாறுக்குப் பக்கம் பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்கள் புதைந்து 70 பேர் போனார்கள், தமிழகத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் அவை. 2024 ஜூலை 30 விடியலில் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே 'பாடி' என்று சொல்லப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளும் அடித்துச் செல்லப்பட்டன. வயநாட்டில் அன்று பெய்த மழை, பூமி சூடானதால் ஏறத்தாழ 10 விழுக்காடு கடுமையாகியிருந்தது என்று அதை ஆராய்ந்த விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அந்த இடத்தில் வீடு கட்டச் சொன்னது தொழிலாளியா? கம்பெனி காட்டிய சரிவில், கம்பெனி கட்டிய கூரையின்கீழ் படுத்திருந்தார்கள்.

நீலாய்ப் பக்கம் அப்படிப்பட்ட மலை இல்லை, வெள்ளம் இருக்கிறது. 2021 டிசம்பர் நடுவில் பெய்த மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் நம்மவர் வீடுகள் கூரை வரை முழுகியதைப் பார்த்தோம். அந்த வெள்ளத்தில் நாடு முழுதும் 50 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். நட்டம் 610 கோடி வெள்ளி என்றது புள்ளிவிவர இலாகா. ரப்பர் காடு மழையைக் குடித்த இடத்தில் இப்போது சிமெண்ட்டும் தார் ரோடும் இருந்தால் தண்ணீர் எங்கே போகும்? வெயில் நாளில் அதே சிமெண்ட் இரவு வரை சூட்டைக் கக்கும். ஃபிளாட்டின் கடைசி மாடியில் இருக்கும் பாட்டிமார்களைக் கேளுங்கள், சொல்லுவார்கள்.

மனு யாரிடம் கொடுப்பது?

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். வெப்ப அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி வேலையிடப் பாதுகாப்பு இலாகா 2016-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அது வழிகாட்டி, சட்டம் அல்ல. பின்பற்றாத முதலாளியைக் கோர்ட்டுக்கு இழுக்க அதுமட்டும் போதாது. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1-லிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணி தொடங்கி மாலை 3.30 வரை வெளிவேலை கூடாது என்று விதி இருக்கிறது. சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் கருவி 32.1 காட்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். தொழிலாளர் உரிமைக்குப் பேர்போன நாடு அல்ல அது. அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது?

நம் கையில் இருப்பது 2024 ஜூன் 1 அன்று நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம். அதில் 26ஏ என்று ஒரு பிரிவு. வேலையிடத்தில் உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அந்த ஆபத்தை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. வெயில் என்று அந்தப் பிரிவு பெயர் சொல்லவில்லை. ஆகவே தனி ஆளாகக் கம்பைப் போட்டுவிட்டு லயத்துக்குப் போய்விடாதீர்கள். முதலில் மண்டோரிடம் சொல்லுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள், தலைவருக்கு உடனே போன் அடியுங்கள். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும் என்பதும் சட்டம்தான். அதில் தொழிலாளர் தரப்பு ஆள் இருக்கிறாரா, இல்லை ஆபீஸ் கிராணிகளே தேநீர் குடித்துவிட்டுக் கலைகிறார்களா என்று பாருங்கள்.

அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் வெயிலும் மழையும் புகையும் ஒரு பிரிவாக ஏற வேண்டும் என்பது நம் கோரிக்கை. வானிலை இலாகா மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரிக்கு மேல் என்று எச்சரிக்கை விட்டால் வேலையை விடியலுக்கு முன்தள்ள வேண்டும், பகல் ஓய்வு தர வேண்டும், அந்த ஓய்வுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. அன்றைய இலக்கைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் இலக்கு குறையாவிட்டால் ஓய்வு நேரத்திலும் ஆள் வெட்டிக்கொண்டேதான் இருப்பான். தண்ணீரை லாரியில் காட்டுக்குள்ளேயே கொண்டு வர வேண்டும். புகைக் குறியீடு 200-ஐத் தாண்டினால் மூச்சு முட்டும் வேலைகளை நிறுத்த வேண்டும். பால்வெட்டில் மழைக்காப்பு கட்டும் செலவைத் தோட்டமே ஏற்க வேண்டும். வறட்சியால் குலை குறைந்த மாதங்களுக்கு ஈடு வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் முதலாளிமார் ரொம்ப முரண்டு பிடிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். அவர்கள் கேட்கப் போவது ஒன்றுதான்: "ஆதாரம் எங்கே?"

ஆகவே பிள்ளைகள் எழுதி முடித்த நோட்டில் மிச்சம் இருக்கும் பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, மழையா வெயிலா, எத்தனை மணிக்கு வேலை நின்றது, எத்தனை குலை, யாருக்கு மயக்கம் வந்தது, அன்றைக்குப் பெயர் விழுந்ததா இல்லையா என்று தினம் ஒரு வரி எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். வங்காளதேசத்துத் தோழரிடமும் கேட்டு அவர் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். சம்பளச் சீட்டுகளை அதே நோட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது மறக்காமல் கையோடு எடுத்து வாருங்கள்.